அந்த வாக்கியத்தோட கடைசி வார்த்தை: பெர்லின் எஸ்.பி.டி தோழர்களுக்கு ஒரு திறந்த மடல்

பெர்லின் எஸ்.பி.டி தோழர்களுக்கு,

வணக்கம். தோழர்னு கூப்பிடறதுக்கு கோச்சுக்க மாட்டீங்கன்னு தெரியும், உங்க சமூக ஜனநாயகக் கட்சியில நீங்களே ஒருத்தரை ஒருத்தர் அப்படித்தான் கூப்பிட்டுக்கறீங்க. எங்க ஊர்லயும் அந்த வார்த்தை உண்டு, அதுக்கு டீக்கடை பெஞ்சு வாசனையும் பீடி வாசனையும் உண்டு, அதனால வாய்க்கு ஈசியா வருது. உங்க கட்சிக்காரர், முன்னாடி பெர்லின் மேயரா இருந்த க்ளாவுஸ் வோவெரைட் பத்தியும், நீங்க எப்பவும் எடுத்துச் சொல்ற அவரோட ஒரு வாக்கியத்தைப் பத்தியும் பேசணும். நான் உங்க மெம்பர் இல்ல. 2012ல மே மாசம் இந்த ஊருக்கு வேலைக்கு வந்தேன், அப்ப இருந்து நொய்க்கோல்ன்ங்கற பகுதியிலதான் வாடகைக்கு இருக்கேன், நடுவுல பாஸ்போர்ட் மாறிடுச்சு, இப்ப ஓட்டு இருக்கு. இதை ஏன் தமிழ்ல எழுதறேன்னா ஜெர்மன்ல எழுதினா கோவம் வர்றதுக்குள்ள வினைச்சொல் எங்க போடணும்னு யோசிக்க வேண்டியதா இருக்கு. உங்க கிட்ட மொழிபெயர்க்க ஆள் இருப்பாங்க, பாத்துக்குங்க.

நான் வந்த புதுசுல சாயங்கால ஜெர்மன் கிளாஸ் போவேன். ஒரு நாள் டீச்சரம்மா 'ஔஹ்'ங்கற சின்ன வார்த்தைய சொல்லிக் குடுக்கறதுக்கு போர்டுல ஒரு வாக்கியம் எழுதினாங்க. நம்ம 'உம்' மாதிரி ஒரு சொல் அது, வாக்கியத்துல எங்க வேணா வந்து ஒட்டிக்கும், அர்த்தம் கேட்டா யாருக்கும் சொல்லத் தெரியாது. 'இஷ் பின் ஷ்வூல், உண்ட் தாஸ் இஸ்ட் ஔஹ் கூட் ஸோ.' நான் கே, அது அப்படி இருக்கறதும் நல்லதுதான். கிளாஸ்ல பாதி பேர் சிரிச்சாங்க, நான் மட்டும் நோட்டை பாத்துட்டே இருந்தேன், ஏன்னா அந்த வாக்கியத்தோட முதல் பாதிய நான் அதுவரைக்கும் எந்த மொழியிலயும் வாய் விட்டு சொன்னதில்ல. யார் சொன்னதுன்னு கேட்டேன். எங்க மேயர்னாங்க. இப்பவும் அவர்தான் மேயர், ஆனா இந்த வாரம் அவரைப் பத்தி நல்லதா எதுவும் கேக்காதன்னு சொல்லி இன்னும் சிரிச்சாங்க. ஏன்னா அந்த மாசம்தான் புது ஏர்போர்ட் திறப்பு விழா கடைசி நேரத்துல நின்னு போச்சு.

அந்த வாக்கியத்தை தமிழ்ல சொல்லிப் பாத்திருக்கேன் பல தடவ. 'நான் கே, அதுவும் நல்லதுக்குத்தான்'னா ஜாதகத்துல ஏதோ தோஷம் இருந்து பரிகாரம் சொன்ன மாதிரி ஆயிடுது. 'நான் தன்பாலீர்ப்பாளர், அது நல்லதே'ன்னா பாடப்புத்தகம். அவர் 'ஹோமோசெக்ஸுவல்'ங்கற டாக்டர் வார்த்தைய எடுக்கல, ஸ்கூல் கிரவுண்டுல திட்டறதுக்கு உபயோகிச்ச 'ஷ்வூல்'ங்கற வார்த்தையத்தான் எடுத்தார். அதுல இருக்கற கெத்து தமிழ்ல எனக்கு இன்னும் வரல.

சரி, விஷயத்துக்கு வர்றேன். க்ளாவுஸ் வோவெரைட் பத்தி யார் பேசினாலும் அந்த ஒரு வாக்கியத்துல ஆரம்பிச்சு அதுலயே முடிக்கறாங்க, நீங்களும் அப்படித்தான். எல்லாரும் அதுல கடைசி வார்த்தைய விட்டுடறாங்க. 2001 ஜூன் 10, உங்க கட்சியோட சிறப்பு மாநாட்டு மேடையில அவர் சொன்னது அதோட முடியல. அதுக்கப்புறம் 'தோழர்களே'ன்னு ஒரு விளிப்பு இருக்கு. அவர் உலகத்துக்கு சொல்லல, டிவிக்கு சொல்லல, உங்களுக்கு சொன்னார். என்னை வேட்பாளரா போடப் போறீங்க, இன்னும் தெரியாதவங்க யாராவது இருந்தா தெரிஞ்சுக்குங்க, அப்புறம் ஓட்டுப் போடுங்கன்னார். நீங்க கை தட்டி ஓட்டும் போட்டீங்க. அதனால அந்த வாக்கியத்துக்கு ரெண்டு சைடு உண்டு, சொன்னவரும் கேட்டவங்களும். கேட்டவங்ககிட்டதான் இந்தக் கடுதாசி பேச வந்திருக்கு.

அன்னிக்கு நிலவரம் உங்களுக்கு ஞாபகம் இருக்கும், படிக்கற தமிழ் ஆளுங்களுக்காக சொல்றேன். பெர்லின் மேயர்னா நம்ம ஊர் மேயர் மாதிரி செயின் போட்டுட்டு ரிப்பன் வெட்டறவர் இல்ல, பெர்லின் ஒரு மாநிலமும் கூட, அதனால கிட்டத்தட்ட முதலமைச்சர். அப்ப சி.டி.யுங்கற பழமைவாதக் கட்சியோட டீப்கன்தான் மேயர், நீங்க கூட்டணியில கூட இருந்தீங்க. நகரத்தோட பேங்க் குழுமம் ரியல் எஸ்டேட் ஆட்டத்துல முங்கிப் போச்சு. சி.டி.யு சட்டமன்றக் குழுத் தலைவர் லாண்டோவ்ஸ்கி அதே குழுமத்துல ஒரு பேங்குக்கும் தலைவர், அங்க கடன் வாங்கின கம்பெனி ஆளுங்ககிட்ட இருந்து கட்சிக்காக 40,000 மார்க் கேஷா வாங்கினார்னு வெளிய வந்துச்சு. பின்னாடி அந்த பேங்க் ரிஸ்குக்காக நகரம் 21.6 பில்லியன் யூரோ வரைக்கும் கேரண்டி குடுக்க வேண்டி வந்தது. நீங்க கூட்டணிய முறிச்சீங்க. ஜூன் 16ம் தேதி சபையில டீப்கனை இறக்கி, அதே நாள் வோவெரைட்டை ஏத்துனீங்க, பசுமைக் கட்சி கூட, வெளிய இருந்து பி.டி.எஸ்ங்கற இடதுசாரிக் கட்சி ஆதரவு. மாநாட்டுல அவர் அந்த வாக்கியத்தை சொன்னதுக்கும் மேயர் நாற்காலியில உக்காந்ததுக்கும் நடுவுல 6 நாள். பேப்பர்காரங்க யாராவது இதை தோண்டி எடுத்து அழுக்கா எழுதறதுக்கு முன்னாடி நாமளே சொல்லிடலாம்னு முடிவு பண்ணாருங்கறதுதான் பின்னணி.

அவர் 1953ல பொறந்தவர். அம்மா ஒத்த ஆளா 5 பிள்ளைங்கள வளத்தாங்க, இவர் கடைக்குட்டி, ஊர் தெற்கு ஓரத்துல லிஷ்டன்ராட. அவருக்கு 15 வயசு இருக்கும்போது, 1969ல, ஆணும் ஆணும் சேர்றதை குத்தமாக்கின 175ம் பிரிவை தளர்த்தினாங்க, அதுக்கு முன்ன வரைக்கும் நாஜி ஆட்சி 1935ல கடுமையாக்கி வச்ச அதே வடிவத்துல அந்த சட்டம் மேற்கு ஜெர்மனியில உசிரோட இருந்தது, சும்மா பேப்பர்ல இல்ல, சுமார் 50,000 ஆம்பளைங்களுக்கு தண்டனை குடுத்துச்சு. தளர்த்தினதுக்கப்புறமும் 18 தாண்டின ஒருத்தர் 21க்குக் கீழ உள்ள ஆணோட இருந்தா குத்தம், அது 1973 வரைக்கும். அதாவது இவர் 18, 19 வயசு பையனா இருந்தப்போ தன் வயசுக்காரன காதலிச்சிருந்தா கேஸ். அந்தப் பிரிவு முழுசா போனது 1994ல. அதுக்கு 7 வருஷம் கழிச்சு அந்தப் பையன் உங்க மேடையில. அப்ப ஜெர்மனியில ஒரே பாலின ஜோடிங்க பதிவு பண்ணிக்கற சட்டம்கூட அமலுக்கு வரல, அது ஆகஸ்ட் 1ம் தேதிதான் வந்தது. இதெல்லாம் யோசிச்சுப் பாத்தா அந்தக் கைதட்டல் சின்ன விஷயம் இல்ல தோழர்களே, அதுக்கு உங்களுக்கு நான் நன்றி சொல்லிக்கறேன், நிஜமாவே. பழைய விஷயங்களுக்கு நன்றி சொல்லிட்டுதான் திட்டணும்னு எங்க வீட்ல பழக்கம்.

அந்த அக்டோபர் தேர்தல்ல உங்களுக்கு 29.7 சதவீதம் வந்துச்சு. தேர்தல்ல பெரிய சண்டை அவர் யார்கூட வாழறார்ங்கறதுல இல்ல, யார்கூட ஆட்சி பண்ணப் போறார்ங்கறதுலதான். கிழக்கு ஜெர்மனிய ஆண்ட கட்சியோட வாரிசு பி.டி.எஸ், சுவர் விழுந்து 12 வருஷம்தான் ஆகுது, சுவர்ல சொந்தக்காரங்கள பறிகொடுத்தவங்க ஊர்ல இருக்காங்க, அவங்களோட 2002 ஜனவரியில கூட்டணி ஆட்சி. அவரோட துணைவர் யோர்ன் குபிட்ஸ்கி, நரம்பியல் அறுவை டாக்டர், 1993ல இருந்து ஜோடி, அரசு விழாக்களுக்கு கூடவே வருவார், ஃபோட்டோவுல நிப்பார். ரெண்டு மூணு வருஷத்துல ஊர் அதை கவனிக்கறதையே விட்டுடுச்சு. 2001லயே பாரிஸ்ல தெலனோ மேயரானார், அவரும் கே, அடுத்த வருஷமே நகராட்சி மாளிகைக்குள்ளயே ஒருத்தன் கத்தியால குத்திட்டான், பொழச்சது பெரிய விஷயம். ஹாம்பர்க்ல சி.டி.யு மேயர் வான் பாய்ஸ்டை 2003ல கூட்டாளி மந்திரி ஒருத்தர் உன் ரகசியத்தை வெளிய விடுவேன்னு மிரட்டினார்னு அந்த மந்திரியவே தூக்கினாரு, அடுத்த தேர்தல்ல மெஜாரிட்டியே வந்துச்சு. பெர்லின்ல கத்தியும் இல்ல, மிரட்டலுக்கும் வேலை இல்லாம போச்சு. அதுக்கு அந்த வாக்கியம் ஒரு காரணம்.

ஆனா ஒண்ணு நெருடுது. அவரை 'பார்ட்டி மேயர்'னு கூப்பிட்டாங்க இல்ல. ஷாம்பெயின் பாட்டிலும் கையில ஒரு சிவப்பு ஹீல்ஸும் வச்சிருக்கற ஃபோட்டோ ஒண்ணு வருஷக்கணக்குல ஓடிச்சு. கல்யாணம் ஆன, ரெண்டு புள்ள இருக்கற மேயர் வாரம் நாலு விருந்துக்குப் போனா மக்களோட பழகறாருன்னு எழுதுவாங்க, இவர் போனா ஆட்டம் போடறாருன்னு எழுதினாங்க. நேரா சொல்ல முடியாததை சுத்தி வளைச்சு சொல்ற வழி அது, எங்க ஊர்ல 'அவன் ஒரு மாதிரி'ம்பாங்க, அது மாதிரி. இருக்கட்டும், அதுல அவருக்கும் கொஞ்சம் ஆசை இருந்ததுன்னுதான் நினைக்கறேன், கேமராவ பாத்தா முகம் மலர்ற மனுஷன்.

2003ல இன்னொரு வாக்கியம். 'பெர்லின் ஏழை, ஆனா செக்ஸி.' இது முதல் வாக்கியத்தை விட நிறைய டி-ஷர்ட்ல ஏறுச்சு. நகரத்தோட கடன் ஏறி ஏறி 60 பில்லியன் யூரோவத் தாண்டப் போற நேரம், அதை மறைக்காம ஒரு விளம்பர வரியா மாத்தின ஆளு அவர். 2006ல மத்திய அரசு எங்க கடனுக்கு கை குடுக்கணும்னு பெர்லின் அரசியல் சாசன கோர்ட்டுக்குப் போய் தோத்துச்சு, அப்ப அந்த நீதிபதி, பெர்லின் செக்ஸியா இருக்கறதே அது அவ்வளவு ஒண்ணும் ஏழை இல்லாததாலதானோ என்னவோன்னு நக்கலடிச்சார். கோர்ட்ல இந்த அளவுக்கு காமெடி ஜெர்மனியில நான் கேள்விப்பட்டதில்ல.

இங்கதான் என் கோவம் ஆரம்பிக்குது, கொஞ்சம் பொறுமையா கேளுங்க.

எங்கள மாதிரி ஆளுங்களுக்கு இந்த ஊர் ஏன் புகலிடமா இருந்துச்சு? சட்டத்தால மட்டும் இல்ல. 175 உசிரோட இருந்த காலத்துலயே மேற்கு பெர்லினுக்கு பவேரியா கிராமத்துல இருந்தும் வெஸ்ட்ஃபாலியா டவுன்ல இருந்தும் பசங்க ஓடி வந்தாங்க. இங்க ரூம் சீப். கக்கூஸ் மாடிப்படியில, நிலக்கரி அடுப்பு, சுவர்ல ஈரம், ஆனா வாடகை ஒரு பார்ட் டைம் வேலையில கட்டிடலாம். அப்பாகிட்ட காசு கேக்க வேணாம். அப்பாகிட்ட காசு கேக்காத பையனுக்கு அப்பாகிட்ட பொய் சொல்ல வேண்டிய அவசியம் பாதி கொறஞ்சிடும். தனியா பூட்டிக்கற ஒரு கதவும் சாவியும் இருந்தா மீதி தைரியம் தன்னால வரும். அரசியல் விஞ்ஞானிங்க இதை ஒத்துப்பாங்களான்னு தெரியாது, எனக்கு இது என் வாழ்க்கையில இருந்து தெரியும். ஊர்ல ஒரு மேன்ஷன் ரூம்ல மூணு பேரோட இருந்தப்போ நான் யாருன்னு எனக்கே சொல்லிக்க எடம் இல்ல. இங்க 2012ல 34 சதுர மீட்டர், பின்கட்டு, வெயிலே வராது, ஆனா கதவு என்னோடது. ஜெர்மன் கிளாஸ் நோட்டுல இருந்த வாக்கியத்தை மொதல்ல சத்தமா சொன்னது அந்தக் கதவுக்குப் பின்னாடிதான், பல் தேய்க்கும்போது, கண்ணாடிய பாத்து.

2004ல அந்த சாவிக்கொத்தத்தான் வித்தீங்க. ஜி.எஸ்.டபிள்யூ, நகரத்துக்கு சொந்தமான வீட்டு நிறுவனம், சுமார் 65,000 வீடு. அமெரிக்க முதலீட்டு ஃபண்டுங்களுக்கு 405 மில்லியன் யூரோவுக்கு. கம்பெனியோட கடனையும் அவங்க தலையில ஏத்துக்கிட்டாங்கன்னு சொல்வீங்க, ஒத்துக்கறேன், ஆனாலும் வகுத்துப் பாருங்க, ஒரு வீட்டுக்கு கையில வந்த காசு 6,200 யூரோ சொச்சம். இப்ப அந்தக் காசுல நொய்க்கோல்ன்ல ஒரு குடும்பம் எத்தன மாசம் வாடகை கட்ட முடியும்னு நீங்களே கணக்கு போட்டுக்குங்க. அப்ப மேயர் வோவெரைட், நிதி பாத்தது ஸாரட்சீன், கூட கையெழுத்து போட்டது இடதுசாரிங்கன்னு சொல்லிக்கற பி.டி.எஸ், கை தூக்கினது நீங்க. அந்த வீடுங்க கை மாறி கை மாறி கடைசியில பங்குச்சந்தை கம்பெனிகிட்ட போய் சேந்துச்சு. 2021ல நகரம் திரும்பிப் போய் சுமார் 14,750 வீட்டை 2.46 பில்லியன் யூரோ குடுத்து வாங்குச்சு. நாலுல ஒரு பங்கு வீடு கூட இல்ல, வித்த காசுல ஆறு மடங்கு. அதே மாசம் மக்கள் வாக்கெடுப்புல பாதிக்கு மேல பேர் பெரிய வீட்டுக் கம்பெனிங்கள பொதுவுல எடுங்கன்னு ஓட்டு போட்டாங்க, அதை நீங்க கமிட்டிக்கு அனுப்பி தூங்க வச்சீங்க.

நியாயமா இன்னொரு பக்கமும் சொல்லணும். காசு இல்ல, நிஜமாவே இல்ல. அரசு ஊழியர்ங்க சம்பளத்துல 8ல இருந்து 12 சதவீதம் வரைக்கும் வெட்டினார், அது தைரியம்தான், தொழிற்சங்கக் கட்சில இருந்துட்டு செஞ்சார். அதே ஆட்சியிலதான் கடைசி 3 வருஷ கிண்டர்கார்டனுக்கு ஃபீஸ் எடுத்தாங்க, என் கூட வேலை பாக்கற பொண்ணு இன்னிக்கும் அதை சொல்லி கும்பிடறா. ஊர் காலியா கெடந்துச்சு, வீடெல்லாம் ஆள் இல்லாம கெடந்துச்சு, இவ்வளவு வாடகை ஏறும்னு அப்ப யாருக்குத் தெரியும்னு கேப்பீங்க. ஆனா தோழர்களே, 'வாங்க வாங்க, ஏழை ஆனா செக்ஸி'ன்னு ஊரையே கூப்பிட்டது அவர்தானே? விருந்தாளிய பத்திரிகை அடிச்சு கூப்பிட்டுட்டு பந்தி நடக்கும்போது இலைய வித்தா எப்படி?

அந்த நஷ்டம் எல்லாருக்கும்தான், ஆனா ஊர் விட்டு ஓடி வர்றவனுக்கு கூடுதல். இப்ப சின்ன ஊர்ல இருந்து வர்ற 19 வயசுப் பையன் வீடு பாக்கப் போனா படிக்கட்டு வரைக்கும் கியூ நிக்குது, சம்பள சீட்டு கேக்கறாங்க, அப்பா கேரண்டி கையெழுத்து கேக்கறாங்க. அப்பா கையெழுத்து! எதுக்காக ஓடி வந்தானோ அந்தக் கையெழுத்து. எங்க தெரு தள்ளி பழைய பீர் ஃபேக்டரி கட்டடத்துல இருந்த ஷ்வூட்ஸ்ங்கற கே கிளப், 1977ல ஆரம்பிச்சது, 2025ல திவால் ஆகி மூடிட்டாங்க. அதுக்கு காரணம் நீங்கன்னு சொல்ல மாட்டேன், விலைவாசி, ஆள் வரத்து எல்லாம்தான். ஆனா கையில காசு மிஞ்சற பசங்க பக்கத்துல குடியிருந்தா ஒரு கிளப் எப்படி இருக்கும்னு யோசிக்கறேன்.

டெம்பெல்ஹோஃப் மைதானம் ஞாபகம் இருக்கா. 2008ல அந்தப் பழைய ஏர்போர்ட்டை மூடி, பூங்காவா திறந்து விட்டீங்க, ரொம்ப நல்ல வேலை. அப்புறம் ஓரத்துல 4,700 வீடும் ஒரு பெரிய லைப்ரரியும் கட்டறோம்னீங்க. 2014 மே 25 வாக்கெடுப்புல 64.3 சதவீதம் பேர் ஒரு செங்கல்லும் வைக்கக் கூடாதுன்னாங்க. அப்ப எனக்கு ஓட்டு இல்ல, இருந்திருந்தா நானும் வேணாம்னுதான் போட்டிருப்பேன். வீடு பத்தாத ஊர்ல வீடு வேணாம்னு மக்கள் சொல்றாங்கன்னா வீட்டு மேல கோவம் இல்ல, வீடு கட்டறேன்னு சொல்ற வாய் மேல நம்பிக்கை இல்ல. 10 வருஷம் முன்னாடி அதே வாய்தான் 65,000 வீட்டை வித்துச்சு.

இனி ஏர்போர்ட். அதை விட்டுட்டு வோவெரைட் பத்தி எழுதினா யாரும் கடுதாசின்னே ஒத்துக்க மாட்டாங்க.

எங்க வீட்டுக்குக் கீழ மளிகைக் கடை வச்சிருக்கற அண்ணன் யாழ்ப்பாணத்துக்காரர். முருங்கக்காய் அவர்கிட்டதான் கிடைக்கும். 2012ல நான் வந்த வாரம், கடையில டிவி ஓடிட்டிருக்கு, திறப்பு விழா ஜூன் 3, நின்னு போச்சுங்கற அறிவிப்பு மே 8. நாலு வாரம்தான் இருந்துச்சு, விழாவுக்கு சான்ஸ்லர் மெர்கெல் வர்றதா இருந்துச்சு, ஒரே ராத்திரியில பழைய டேகல் ஏர்போர்ட்ல இருந்து மொத்த சாமானையும் மாத்த லாரி எல்லாம் புக் பண்ணி வச்சிருந்தாங்க. அண்ணன் டிவிய பாத்துட்டே சொன்னார்: "தம்பி, நாங்கள் 84ல வந்ததும் உந்த ஷோனஃபெல்டாலதான். மாஸ்கோவால வந்து இறங்கி, ரயிலைப் பிடிச்சு ஃப்ரீட்ரிஷ்ஸ்ட்ராச வந்து, இஞ்சால மேற்குக்கு நடந்து வந்தனாங்கள். ஒரு கேள்வி இல்லை. அப்ப உந்த ஏர்போர்ட் நல்லாத்தான் வேலை செய்தது." புது ஏர்போர்ட் அந்த ஷோனஃபெல்ட் பக்கத்துலதான். சுவர் இருந்த காலத்துல கிழக்கு ஜெர்மனிக்கு விசா இல்லாம இறங்கி, நகரத்தோட அந்தப் பக்கம் வந்து அகதி மனு போட்ட ஈழத்தமிழர்ங்க நிறைய பேர் அப்படித்தான் பெர்லினுக்கு வந்தாங்க. அண்ணன் சொன்னதுல நக்கல் பாதி, நன்றி பாதி.

புகை. கடைசியில எல்லாம் புகையில வந்து நின்னுச்சு. தீப்பிடிச்சா புகை மேல போகும், அது எங்க பாட்டிக்கே தெரியும், வெறகடுப்பு வச்சிருந்தவங்க. இங்க மெயின் ஹால்ல புகைய கீழ உறிஞ்சி தரைக்கடியில குழாய்ல கொண்டு போற மாதிரி டிசைன், ஊரே அதுக்கு 'பூதம்'னு பேர் வச்சுது. அது வேலை செய்யலன்னதும் நூத்துக்கணக்குல ஆளுங்கள கதவுகிட்ட நிக்க வச்சு, தீன்னு தகவல் வந்தா கையால திறக்கட்டும்னு ஒரு யோசனை வேற இருந்துச்சு. இதுக்கு மேற்பார்வை போர்டு தலைவர் யாரு, வோவெரைட். 2013 ஜனவரியில தலைவர் பதவிய பக்கத்து மாநில முதல்வர் பிளாட்செக்கிட்ட குடுத்தார், சபையில நம்பிக்கையில்லாத் தீர்மானம் வந்து தப்பிச்சார், பிளாட்செக் உடம்பு முடியாம போனதும் அதே வருஷக் கடைசியில திரும்ப தலைவரா வந்து உக்காந்தார். யாராவது போவாங்களா திரும்ப? இதை பொறுப்புன்னும் சொல்லலாம், பிடிவாதம்னும் சொல்லலாம், நான் ரெண்டும்னு வச்சுக்கறேன். ஏர்போர்ட் திறந்தது 2020 அக்டோபர் 31, கொரோனா நேரம், பறக்கவே ஆள் இல்ல.

அந்த ரெண்டு வருஷமும் நான் டிராமில, ஆபீஸ்ல, பார்ல, எல்லா எடத்துலயும் அவரை திட்டறதைக் கேட்டேன். ஜெர்மன்ல எத்தன திட்டு இருக்குன்னு நான் கத்துக்கிட்டதே அப்பதான். சோம்பேறின்னாங்க, ஆணவம்னாங்க, கணக்கு தெரியாதவன்னாங்க. அவர் கேங்கறதை இழுத்து யாரும் திட்டி என் காதுல விழல. ஒரு தடவ கூட. ஊர்ல ஒரு வாத்தியார் கணக்கு தப்பா போட்டதுக்கு அவர் நடைய கிண்டல் பண்ணி திட்டினதப் பாத்து வளந்தவன் நான், எனக்கு அது எவ்வளவு பெரிய அதிசயமா இருந்ததுன்னு உங்களுக்குப் புரியாது. புகைக்குழாய்க்காக மட்டும் திட்டு வாங்கற ஒரு கே மனுஷன்! ரூம் கண்ணாடி முன்னாடி எனக்கு தைரியம் குடுத்தது 2001 கைதட்டல் இல்ல தோழர்களே, 2012 திட்டு.

அதனாலதான் நீங்க அவரை மறுபடி அந்த ஒரே வாக்கியத்துக்குள்ள மடிச்சு வைக்கறது எனக்குப் பிடிக்கல. வாக்கியத்தை ஃப்ரேம் போட்டு மாட்டிட்டா ஜி.எஸ்.டபிள்யூ பத்தி கேக்க மாட்டாங்கன்னு ஒரு வசதி இருக்கு. 2011ல பசுமைக் கட்சியோட கூட்டணிப் பேச்சு ஏ100 நெடுஞ்சாலையில 3.2 கிலோமீட்டர் நீட்டறதுக்காக உடைஞ்சு சி.டி.யு கூட போனீங்களே, அதையும் கேக்க மாட்டாங்க. அந்த ரோடு 2025 ஆகஸ்ட்ல திறந்தாங்க, 700 மில்லியன் யூரோவுக்கு மேல ஆச்சு, ஒரு மீட்டருக்கு 2 லட்சம் யூரோ தாண்டுது, திறந்த வாரத்துல இருந்து ட்ரெப்டோவ் பக்கம் வண்டி நகரல. எங்க ரோட்டுல சைக்கிள்ல போறவன் நான், தினமும் மூச்சுல வோவெரைட்டை நினைச்சுக்கறேன்.

2014 ஆகஸ்ட் 26 போறேன்னு சொன்னார், டிசம்பர் 11 போனார். 13 வருஷத்துக்கு மேல. அவருக்கப்புறம் முல்லர், கிஃபை, 2023 பிப்ரவரி மறுதேர்தல்ல உங்களுக்கு 18.4, மேயர் நாற்காலியே சி.டி.யுக்குப் போச்சு, நீங்க ஜூனியர் பார்ட்னர். 29.7ல இருந்து 18.4. அந்த 11 சதவீதம் எங்க போச்சுன்னு கமிட்டி போட வேணாம், வாடகை ரசீதப் பாருங்க.

2017ல எல்லாருக்கும் கல்யாணம்னு சட்டம் வந்தது. 2020 மார்ச்ல குபிட்ஸ்கி இறந்துட்டார், கொரோனாவோட முதல் வாரங்கள். அன்னிக்கு கீழ கடைக்குப் போனப்போ அண்ணன் கல்லாவுல உக்காந்துட்டு, "மேயற்ற மனுசன் செத்துப்போனார், பாவம், எத்தினை வருசமா ஒண்டா இருந்ததுகள்"னார். எந்த சங்கடமும் இல்லாம, பக்கத்து வீட்டு சாவு மாதிரி. மீசை வச்ச, வெள்ளிக்கிழமை விரதம் இருக்கற, கோயில் கமிட்டியில சண்டை போடற மனுஷன் அவர். நான் கொத்தமல்லிக் கட்டை கையில வச்சுட்டு அப்படியே நின்னேன். அவர்கிட்ட நான் என்னைப் பத்தி அதுவரைக்கும் சொன்னதில்ல. அடுத்த வாரம் சொன்னேன். "தெரியும் தம்பி, ரெண்டு பேரும் சேந்துதானே அரிசி மூட்டை தூக்கறியள்"னார்.

சரி, என்ன வேணும் உனக்குன்னு கேப்பீங்க. ரெண்டே ரெண்டு. அடுத்த தடவ மேடையில அந்த வாக்கியத்தை எடுத்தீங்கன்னா கடைசி வார்த்தையோட சேத்து எடுங்க, 'தோழர்களே'ன்னு வரும்போது கொஞ்சம் நிறுத்தி, நாங்க கை தூக்கித்தான் 2004ல 65,000 வீடு போச்சுன்னும் சொல்லுங்க, வோவெரைட் தலையில மட்டும் கட்டாதீங்க. இன்னொண்ணு, நகரத்து கையில இப்ப மிச்சம் இருக்கற வீடுங்கள இனி எந்த ஆட்சியும் எந்தக் கஷ்டத்துலயும் விக்க முடியாதபடி பெர்லின் சாசனத்துல எழுதுங்க, கூட்டணியில இருக்கீங்களோ எதிர்க்கட்சியா இருக்கீங்களோ, தீர்மானம் கொண்டு வாங்க, தோத்தாலும் பரவால்ல, யார் யார் எதிர்த்து கை தூக்கினாங்கன்னு பாத்துக்கறோம். வேட்பாளர் யார்கூட வாழறார்னு எனக்குக் கவலை இல்ல, கேக்க மாட்டேன். எங்க தெருவுக்கு ஓட்டு கேட்டு வந்தா முதல் கேள்வி வாடகை, ரெண்டாவது கேள்வி புகை எந்தப் பக்கம் போகும்.

பதில் எழுதணும்னா ஜெர்மன்லயே எழுதுங்க, படிச்சுடுவேன். பின்கட்டு, நாலாவது மாடி, லிஃப்ட் இல்ல, பெல் ஒழுங்கா அடிக்காது, கீழ மளிகைக் கடையில குடுத்தா வந்து சேந்துடும்.

இப்படிக்கு,
நொய்க்கோல்ன்ல இருந்து ஒரு வாடகைக்காரன்